பேரிடரைத் தீர்ப்பு என்பவர்களுக்கும், தீர்ப்பே இல்லை என்பவர்களுக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் 26 நெருங்கும் வேளையில், தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஆழிப்பேரலையின் நினைவைச் சுமந்த கடிதங்கள் வெளியாகின்றன. அவற்றில் கிறிஸ்தவ வாசகர்கள் எழுதுபவை பெரும்பாலும் இரண்டு தரப்பாகப் பிரிந்து நிற்பதைக் கவனித்து வருகிறேன். கடல் பொங்கியது மனிதரின் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று ஒரு தரப்பு சொல்கிறது. அன்பே உருவான கடவுள் யாரையும் தண்டிப்பதில்லை, நியாயத்தீர்ப்பு என்பதே பழைய காலத்துப் பயமுறுத்தல் என்று மறுதரப்பு பதில் எழுதுகிறது. நான் இறையியல் கல்லூரியில் பயின்றவன் அல்லன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் சாதாரண சபையார். இருப்பினும், அந்த வாசிப்பின் வழியாக நான் அறிந்த வேதம் இவ்விரு தரப்புக்கும் இடங்கொடுக்கவில்லை என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் தரப்பின் பேச்சு கொடுமையானது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2004-ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் புவித்தட்டுகளின் விளிம்பு பிளந்து நகர்ந்தது, 9.1 அளவிலான அந்த நிலநடுக்கம் கடல்நீரை மேலெழுப்பி நம் கரைவரை அனுப்பியது. உலகெங்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். குமரி மாவட்டத்தில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் இறந்தவர்களில் மிகப் பலர், முந்தைய நாள் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் முழங்காலிட்டிருந்த கடலோர மக்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் அலை அடித்துச் சென்றவர்களில் நேர்ச்சை செலுத்த வந்த திருப்பயணிகள் ஏராளம். இவர்களிடம் அப்படி என்ன பாவத்தைக் கடவுள் தேடிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால், ஊரின் பாவத்துக்கு ஒருசிலர் பலியாவதுண்டு என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள்.

வேளாங்கண்ணியில் ஆலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். தப்பியவர்கள் நன்றி சொல்வது இயல்பு. அதைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நன்றியைப் பிரசங்கமாக்கி, கடவுளின் இரக்கம் ஆலயச் சுவருக்கு உள்ளே நின்றது என்று ஒருவர் சொல்வாரானால், சுவருக்கு வெளியே சில நூறு அடி தொலைவில் மணலில் நின்றவர்களைப் பற்றியும் அவர் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைவு பேசுபவருக்கு வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு இயேசுவே நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்பது நம் சபைகளில் அதிகம் எடுத்துச் சொல்லப்படாதது எனக்கு வியப்பு. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், பலியிட வந்த கலிலேயரை ரோம ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவருகிறார்கள். ஆளுவோரின் கொடுமையால் வந்த சாவு அது. அவர் அதோடு நிறுத்தாமல், சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த விபத்தையும் தாமாகவே சேர்த்துக்கொள்கிறார். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே அறுதியிட்டுச் சொல்கிறார். இதற்குமேல் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் அவர் அங்கே முடிக்கவில்லை. "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்று செய்தி கொண்டுவந்தவர்களை நோக்கித் திரும்பிவிடுகிறார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்க வந்தவர்களிடம், உங்கள் கணக்கைப் பாருங்கள் என்று சொல்கிறார். அதைத் தொடர்ந்து வருவது கனிகொடாத அத்திமரத்தின் உவமை. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த தோட்டத்தின் சொந்தக்காரன் வெட்டச் சொல்கிறான்; தோட்டத்தில் வேலை செய்பவனோ, இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், கனி கொடாவிட்டால் பிறகு வெட்டலாம் என்று மன்றாடுகிறான். கோடரி தூக்கி எறியப்படவில்லை. மரமும் அன்றே வெட்டப்படவில்லை. தீர்ப்பையும் இரக்கத்தையும் பற்றி நான்கு நற்செய்தி நூல்களிலும் இதைவிடச் சுருக்கமாகவும் கூர்மையாகவும் சொல்லப்பட்ட இடம் எனக்குத் தெரியவில்லை. இரக்கம் என்பது இங்கே அவகாசம். அந்த அவகாசத்தில் ஒருவர் மண்வெட்டி பிடித்து உழைக்கவும் வேண்டியிருக்கிறது.

பேரிடரைத் தீர்ப்பாக வாசித்தவர்களின் வரலாறு நமக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் பெருவிழா. போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் காலைத் திருப்பலிக்காக ஆலயங்கள் நிரம்பியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. கூரைகள் வழிபாட்டில் இருந்தவர்கள்மீது விழுந்தன. பீடத்து மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் எரிந்தது. தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சமடைந்தவர்களைக் கடல் வந்து அள்ளிச் சென்றது. பல்லாயிரம் பேர் மடிந்தனர். மறு ஆண்டில் கப்ரியேல் மலக்ரீதா என்ற இயேசு சபைக் குரு, இந்த அழிவுக்குக் காரணம் இயற்கை என்று சொல்வது தவறு, இது நகரத்தின் பாவங்களுக்கான தண்டனை என்று வாதிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். மக்கள் கூடாரம் அமைப்பதிலும் மீண்டும் கட்டுவதிலும் காட்டும் அக்கறையைத் தவத்தில் காட்டவேண்டும் என்பது அவர் கருத்து. புனரமைப்பை முன்னின்று நடத்திய அமைச்சர் பொம்பால் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அரசியல் பகையும் சேர்ந்துகொள்ள, 1761-இல் திருச்சபை விசாரணை மன்றத்தின் பெயரால் அந்த முதியவர் கொல்லப்பட்டார். அவருடைய இறையியல் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்காக அவரைக் கொன்றது அதைவிடப் பெரிய பாவம். தீர்ப்பு வழங்கும் வேலையைக் கையில் எடுத்தவரும், அவர்மீது தீர்ப்பு வழங்கியவர்களும் ஒரே ஆண்டவரின் பெயரைத்தான் சொன்னார்கள். பொம்பால் செய்த நல்ல காரியம் வேறொன்று: நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் உள்வாங்கியதா, கிணற்று நீர் மாறியதா என்றெல்லாம் கேட்டு நாட்டின் பங்குக் குருக்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பினார். நிலநடுக்கவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அந்த வினாக்களுக்கு விடை எழுதியவர்களும் குருக்களே என்பதை, விசுவாசத்துக்கும் அறிவியலுக்கும் சண்டை மூட்ட விரும்புவோர் கவனிக்கலாம்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 1934 ஜனவரியில் பீகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தை, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று காந்தியடிகள் சொன்னார். அப்போது அவர் அரிஜனப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார், எங்கள் திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்திலேயே அதைப் பேசினார். தீண்டாமை பாவம் என்பதில் அவரோடு முழுவதும் உடன்பட்ட தாகூர், இயற்கையின் நிகழ்வை அறநெறியின் தண்டனையாகக் காட்டுவதை எதிர்த்து எழுதினார். இதே வாதத்தை வைத்துக் காந்தியின் எதிரிகள், தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் நிலம் நடுங்கியது என்று சொல்லலாமே என்பது அவருடைய கேள்வி. எந்த நல்ல நோக்கத்துக்காக எடுத்தாலும் இந்த ஆயுதத்துக்கு இரு பக்கமும் கூர் என்பதைத் தாகூர் கண்டார். காந்தியடிகளின் கோபம் சரியான பாவத்தின்மீது விழுந்தது. இடிபாட்டில் சிக்கிய பீகார்க் குழந்தைகளுக்கு அதனால் என்ன ஆறுதல்?

அப்படியானால் பழைய ஏற்பாட்டில் ஜலப்பிரளயமும் சோதோமின் அழிவும் தீர்ப்பாகவே சொல்லப்படவில்லையா என்று முதல் தரப்பார் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அந்த வரலாறுகளை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் அவற்றை வேதமே எப்படிச் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். சோதோமின்மேல் வரப்போவதை முன்கூட்டி அறிந்த ஆபிரகாம், தகும், வேண்டியதுதான் என்று சொல்லவில்லை; 50 நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி 10 வரைக்கும் இறங்கி இறங்கிப் பேரம்பேசி, அயலாருடைய ஊருக்காகக் கடவுளிடமே வழக்காடுகிறான். அவ்வூரின் அக்கிரமம் என்ன என்பதை எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லும்போது, செருக்கையும் உணவுப் பெருக்கத்தையும் கவலையற்ற சுகவாழ்வையும் சொல்லிவிட்டு, எளியவனுடைய கையை அது பலப்படுத்தவில்லை என்றும் சேர்க்கிறார். சோதோமின் பெயரைச் சொல்லி அடுத்தவரைச் சபிக்கும் நம் மேடைகளில் இந்த வசனம் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலில் முதலிரண்டு அதிகாரங்களையும் பாருங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருக்கும் பகை நாடுகளின்மேல் ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வருகிறார். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் நிச்சயமாக மகிழ்ந்து தலையசைத்திருப்பார்கள். அடுத்து யூதா. கடைசியில் வளையம் சுருங்கி, அவர்கள்மேலேயே வந்து விழுகிறது: நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடுப் பாதரட்சைக்கும் விற்கிறீர்கள். யோனாவின் வரலாறோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 40 நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று கூறிய தீர்க்கதரிசி, அது கவிழாமல் போனதற்காகக் கோபித்துக்கொள்கிறார். நீர் இரக்கமும் மனஉருக்கமும் உள்ளவர் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று கடவுளிடமே குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதர்களும் ஏராளமான மிருகஜீவன்களும் இருக்கும் நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்ற கேள்வியோடு அந்தப் புத்தகம் நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. கேரளத்துச் சிரிய மரபுத் திருச்சபையார் பெரிய நோன்புக்கு முன்பாக இந்த நினிவேயின் நினைவாக மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். எதிரியின் தலைநகர் மனந்திரும்பியதைத் தன் நோன்பாக ஏற்றுக்கொண்ட மரபு அது. நம் சபைகளும் அதை நாடிப் பார்க்கலாம்.

இனி இரண்டாம் தரப்பு. அன்பே உருவான கடவுள் தீர்ப்பளிப்பதில்லை என்று எழுதுகிறவர்கள் நல்ல மனமுள்ளவர்கள். முதல் தரப்பின் கொடுமையைக் கண்டு பின்வாங்கியே அங்கே சென்று சேர்ந்திருக்கிறார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் அந்த நிலைப்பாடு பெரும்பாலும் அநீதி இழைக்கப்படாதவர்களுக்கே வசதியாக இருக்கிறது. ஆழிப்பேரலை தாக்கிய இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அந்தக் குடிசையில் பிள்ளைகளோடு மாண்ட தாய்மாருக்கு, தீர்ப்பே இல்லாத கடவுள் நற்செய்தியாக இருப்பாரா? சங்கீதம் 96-இல் கடல் முழங்குகிறது, நாடு களிகூருகிறது, காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. காரணம், கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார். தீர்ப்பு என்றதும் நடுங்குவது நமக்குப் பழகிவிட்டது. அந்தச் சங்கீதமோ அதைக் கொண்டாடுகிறது, ஏனெனில் அது வழக்கு எடுபடாமல் போனவர்களின் பாட்டு.

இரக்கத்தைத் தீர்ப்பிலிருந்து பிரித்தெடுத்தால் அது யாருக்குப் பயன்படும் என்பதற்கு உலகத் திருச்சபைகளின் அண்மைய வரலாறே சான்று. சிறுவர்மீது பாலியல் கொடுமை புரிந்த குருக்களை மன்னிப்பின் பெயராலும் திருச்சபையின் மானத்தின் பெயராலும் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிய செயல்கள் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு விசாரணைகளில் வெளிவந்தன. குற்றவாளிக்கு இரக்கம் தாராளமாகக் கிடைத்தது. பாதிக்கப்பட்ட குழந்தையிடம் மன்னித்துவிடு என்று சொல்லப்பட்டது. வேதத்தின் இரக்கம் இப்படிப்பட்டது அல்ல என்பதற்கு, வரி வசூலித்துச் செல்வனான சகேயுவே போதும். இயேசு அவன் வீட்டுக்குள் நுழைந்தபின், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் எழுந்து நிற்கிறான். அதற்குப் பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற சொல் பிறக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்காத சகேயுவுக்கு ஆறுதல் சொல்லும் பிரசங்கங்கள் நம்மிடையே பெருகிவிட்டன என்பது என் கவலை.

கிறிஸ்தவ விசுவாசத்தில் இவ்விரண்டும் சந்திக்கும் இடம் சிலுவை என்று நம் ஞானோபதேசம் கற்பிக்கிறது. நியாயாதிபதியே குற்றவாளிக் கூண்டில் நிற்பது அங்கே நடக்கிறது. அந்தக் காட்சியில் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட இரு கள்வரில், நம் சபைகள் அதிகம் பாராட்டும் ஒருவன் சொன்னதைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்கிறான். நற்செய்தியில் தீர்ப்பைத் தன்மேலேயே ஒப்புக்கொண்ட அந்த மனிதனுக்கே பரதீசின் வாக்கு கிடைக்கிறது. மற்றவன் நிலை என்ன ஆயிற்று என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. திருச்சபையும் அந்த அடக்கத்தைப் பெரும்பாலும் கடைப்பிடித்திருக்கிறது: உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம், கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது, ஒருவரையேனும் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி அறிவித்ததில்லை. நூற்றாண்டுகளாகப் பேராயர் மன்றங்கள் செய்யத் துணியாததை, ஒரு பேரிடர் நடந்த மறுவாரமே ஒலிபெருக்கியின் முன் நின்று செய்துவிடுகிறோம்.

ஆழிப்பேரலையில் தீர்ப்பு இருந்தது என்றே ஒருவர் வற்புறுத்தினால், மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின்படி அதைத் தேடவேண்டிய இடம் கடலில் இல்லை, நிவாரண முகாமில் இருக்கிறது. பசித்தவனுக்கு உணவும், தாகமுற்றவனுக்குத் தண்ணீரும், அந்நியனுக்கு இடமும் கொடுத்தீர்களா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. மதம் பாராமல் அள்ளிக் கொடுத்தவர்களையும், மீனவக் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கித் தொண்டு செய்த அருட்சகோதரிகளையும் நாடு கண்டது. அதே நாட்களில், தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், பொதுத் தண்ணீர்த் தொட்டி மறுக்கப்பட்டதும், நிவாரணம் அவர்களை எட்டாமல் நின்றதும் மனித உரிமை அமைப்புகளால் பதிவு செய்யப்பட்டன. இயற்கையின் அலை சாதி பார்க்கவில்லை, கரையேறியவர்கள் பார்த்தார்கள்.

பேதுரு எழுதிய நிருபத்தில், நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்குங்காலமாயிருக்கிறது என்று ஒரு வாக்கியம் உண்டு. அதை உண்மையாக எடுத்துக்கொள்ளும் சபை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களைச் சாதிவாரியாக வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யும் பங்குகள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. ஒரே தோட்டத்துக்குள் பிரிவுச் சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. கடைசிநாளில் எக்காளம் தொனிக்கும்போது மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று அந்தச் சுவரின் இருபுறமும் ஒரே ஜெபம் சொல்லப்படுகிறது.

ஆகவே, இவ்வாண்டு நினைவு ஆராதனை நடத்தவிருக்கும் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். லூக்கா 13-ஐ வாசிக்கும்போது ஐந்தாம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் ஒன்பதாம் வசனம் வரை, அத்திமரத்துக்கு அவகாசம் கேட்டவனின் பேச்சு முடியும்வரை வாசியுங்கள். இறந்தோரின் பெயர்களைப் படிக்கும்போது, இந்து, இசுலாமிய அண்டைவீட்டாரின் பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள்; கடற்கரையில் அவர்களுடைய உடல்களும் ஒரே குழியில்தான் அடக்கமாயின. கல்லறைத் தோட்டத்தில் சுவர் உள்ள பங்குகள், அதை இடிப்பதற்கான தீர்மானத்தை அன்றைய சபைக் கூட்டத்திலேயே எடுக்கட்டும்; காணிக்கையில் ஒரு பகுதி அதற்கான கூலிக்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை.